மரக்கிண்ண ஹெட்ஃபோன்: ஒலியையும் விலையையும் எடைபோடும் முறை

வீணைக்குப் பலாமரம் தேர்ந்தெடுப்பவர், அந்த மரம் நன்றாக அதிர வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். கம்பியின் மெல்லிய அதிர்வை வாங்கிப் பெருக்கிக் காற்றுக்குத் தருவது குடத்தின் வேலை. இங்கே பேசப்போகும், காதின் மேல் அமரும் ஹெட்ஃபோனின் மரக்கிண்ணத்துக்கு, அதாவது அதன் மரக்கூட்டுக்கு, அந்த வேலை இல்லை. அங்கே ஒலி பிறப்பது, மின்சாரத்தை ஒலியாக்கும் சிறு கருவியான டிரைவரின் சவ்வில். கிண்ணம் அந்த டிரைவரை அசையாமல் பிடித்துக்கொண்டு, அதன் பின்பக்கம் எழும் ஒலியை அடக்கவோ வெளியேற்றவோ வேண்டும். கிண்ணமும் சேர்ந்து அதிரத் தொடங்கினால், பாடகரின் குரல் நின்ற பிறகும் கூட்டின் முனகல் கணநேரம் நீடித்து, அடுத்து வரும் ஒலியின் தெளிவைக் கெடுக்கும். ஆகவே 'மரத்தின் இதமான நாதம்' என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பி மதிப்பிடத் தொடங்குபவர் முதல் அடியிலேயே வழி தவறுகிறார்.

மரத்தால் பயனே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. மகாகனியின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 550 முதல் 600 கிலோ, மேப்பிள் 700 அளவில் இருக்கும், ஹெட்ஃபோன்களில் பெருமளவு பயன்படும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் 1,050, அலுமினியம் 2,700. எடை குறைவு என்பதால் மரத்தில் சுவரைத் தடிமனாகக் கடைய முடிகிறது. ஒரு தகட்டின் வளையாத் தன்மை அதன் தடிமனின் மும்மடியாக உயர்வதால், 2 மில்லிமீட்டர் சுவரைவிட 6 மில்லிமீட்டர் சுவர் அந்த ஒரு காரணத்தாலேயே 27 மடங்கு விறைப்பாக நிற்கும். உலோகத்தைப் போல மரம் கணகணவென்று ஒலிப்பதும் இல்லை. அதிர்வைத் தனக்குள்ளேயே விரைவில் தணித்துக்கொள்கிறது. மரம் தரும் நன்மை ஏறக்குறைய இவ்வளவுதான். இவற்றில் எதுவும் நல்ல பிளாஸ்டிக் வடிவமைப்பால் எட்ட முடியாதது அல்ல.

இதை நேரில் சோதிக்க விரும்புபவருக்குச் சந்தைக்கு வந்த இரண்டு சோடிகள் உதவும். நியூயார்க்கின் புரூக்ளினில் 1953இல் ஜோசப் கிராடோ தொடங்கிய கிராடோ நிறுவனம், 2021இல் எஸ்ஆர்325எக்ஸ் என்ற உலோகக் கிண்ண மாடலையும், மேப்பிளும் ஹெம்ப் நாரும் சேர்ந்த ஆர்எஸ்2எக்ஸ் என்ற மாடலையும் வெளியிட்டது. இரண்டிலும் 44 மில்லிமீட்டர் டிரைவர்; இரண்டும் காதின் மேல் அமர்பவை, பின்புறம் திறந்தவை. முதலாவது 300 டாலருக்குச் சற்றுக் குறைவாகவும், மற்றது 500 டாலருக்கு மேலும் விற்பனைக்கு வந்தன. அடுத்த சோடி ருமேனியாவின் மெசே நிறுவனத்துடையது: வால்நட் மரக்கிண்ணம் கொண்ட 99 கிளாசிக்ஸ், அதையே ஏபிஎஸ் கிண்ணத்தில் தந்த 99 நியோ. இவை காதைச் சுற்றி மூடும் வகை என்றாலும் ஒப்பீட்டுக்குப் பொருந்தும். இத்தகைய சோடியில் மரமில்லாததை முதலில் கேட்டுவிட்டு மரத்தாலானதற்குச் செல்லுங்கள். விலையின் இடைவெளியில் எவ்வளவு ஒலிக்கு, எவ்வளவு கண்ணுக்கு என்று அப்போது ஓரளவு பிடிபடும்.

முதலில் பொருத்தம்

காதின் மேல் அமரும் ஹெட்ஃபோன்களில் ஒலியை முடிவுசெய்வது பாதிக்கு மேல் பொருத்தமே. காதைச் சுற்றி மூடும் வகையில் மெத்தை மண்டையோட்டின் மேல் படிகிறது. காதின் மேல் அமரும் வகையிலோ அது மேடுபள்ளமான காது மடலின் மேல் படிய வேண்டும். மூடிய கிண்ணமுள்ள மாடலில் சிறு இடைவெளி விழுந்தாலும் பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலி வடிந்துவிடும். 50 ஹெர்ட்ஸ் ஒலியை மெதுவாக ஓடவிட்டு, கிண்ணங்களை விரலால் இலேசாக அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் பேஸ் திடீரெனப் பெருகினால் உங்கள் காதில் அது சரியாக அமரவில்லை என்று பொருள். அடுத்தவர் எழுதிய 'ஆழமான பேஸ்' உங்களுக்குக் கிடைக்கப்போவதில்லை. மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியோடும் இல்லாமலும் இதைச் செய்ய வேண்டும். ஆடியோ-டெக்னிகாவின் ஏடிஎச்-ஈஎஸ்டபிள்யூ9 போன்ற, ஆப்பிரிக்கப் படாக் மரத்தாலான மூடிய மாடல்களைப் பற்றி ஒருவர் பேஸ் நிறைவு என்றும் மற்றவர் பேஸே இல்லை என்றும் எழுதுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். இருவர் சொல்வதும் அவரவர் காதுக்கு உண்மை.

வலியைக் கடையில் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்க முடியாது. காது மடலின் குருத்தெலும்பு அழுந்தி நோகத் தொடங்க அரை மணி நேரமாவது ஆகும். உட்கார்ந்து கேட்க விடாத கடையில் வாங்குவதாக இருந்தால், திருப்பித்தரும் வசதி உண்டா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. சவ்வு நொறுங்குவது போன்ற 'சரசர' ஒலி, கிண்ணத்தைக் காதோடு அழுத்தும்போது வருகிறதா என்பதையும் கவனியுங்கள். சில மாடல்களில் காற்றழுத்தத்தால் சவ்வு மடங்குவதால் அது வரும். ரீங்காரம் வந்தால் பதறாதீர்கள், சவ்வின் மேல் ஒரு தலைமுடி கிடந்தாலும் அப்படித்தான் ஒலிக்கும்.

ஒலியளவைச் சமன் செய்தல்

இரண்டு ஹெட்ஃபோன்களில் எது சற்று உரக்க ஒலிக்கிறதோ அதையே காது நல்லது என்று சொல்லும். ஒரு டெசிபல் வேறுபாடு போதும். உரத்தது என்று தோன்றாது, தெளிவு கூடியது என்று தோன்றும். விற்பனையாளர் வேண்டுமென்றே செய்யாவிட்டாலும், எளிதில் உரக்க ஒலிக்கும் மாடல் முந்திக்கொள்ளும். இதைத் தவிர்க்க ஒரு கெட்டி அட்டையில் சிறு துளையிட்டு, மெத்தை அட்டையோடு ஒட்டும்படி ஹெட்ஃபோனை அதன் மேல் வைத்து, மறுபக்கம் துளையில் கைப்பேசியின் மைக்கைப் பொருத்தி, பிங்க் நாய்ஸ் எனப்படும் சீரான இரைச்சலை ஓடவிட்டு, டெசிபல் காட்டும் செயலியில் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும் ஒலிநிலைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆய்வகத் துல்லியம் இதில் கிடைக்காது. ஏமாறாமல் இருக்க இது போதும்.

ஒலியைப் பெருக்கித் தரும் தனி ஆம்ப் வாங்க வேண்டுமா என்ற கேள்விக்குக் கணக்கே பதில் சொல்லும். 32 ஓம் மின்மறுப்பும், ஒரு மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் உணர்திறனும் உள்ள ஹெட்ஃபோனுக்கு அந்த 100 டெசிபலை எட்ட ஏறத்தாழ 0.18 வோல்ட் போதும். ஒரு வோல்ட் தரும், கைப்பேசியில் செருகும் சாதாரண டாங்கிளில் அது 114 டெசிபலைத் தாண்டும். காதுக்குக் கேடு விளைவிக்கும் அளவு அது. காதின் மேல் அமரும் மர மாடல்களில் பெரும்பாலானவை இந்த வரம்புக்கு அருகிலேயே இருப்பதால், ஆம்பையும் சேர்த்துத் தள்ளிவிட முயலும் கடைக்காரரிடம் பெட்டியில் உள்ள இந்த இரண்டு எண்களை மட்டும் கேளுங்கள்.

எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது

மனப்பாடமாகத் தெரிந்த ஒலிப்பதிவுகளை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் ஓட்டிக்காட்டும் பதிவு அந்த ஹெட்ஃபோனுக்குப் பொருந்துவதாகத் தேர்ந்தெடுத்ததாகவே இருக்கும். நம் காதுக்குப் பழகிய மிருதங்கத்தைவிட நல்ல சோதனைக் கருவி எனக்குத் தெரிந்து இல்லை. தொப்பி எனப்படும் இடப் பக்கத்தில் கும்கி எழும்போது ஒலியின் தாழ்ந்த சுருதி வழுக்கி ஏறுவது கேட்க வேண்டும்; வெறும் 'தொம்' என்ற முட்டல் மட்டும் கேட்டால், பேஸ் அளவில் இருக்கிறது, வடிவில் இல்லை. வலந்தலை எனப்படும் வலப் பக்கத்தின் 'நம்' காற்றில் அடங்கும் விதத்தைக் கவனித்தால் கூட்டின் அதிர்வு பிடிபடும். பின்பக்கம் மூடிய கிண்ணத்தின் உட்புறம் எதிரெதிர்த் தட்டைச் சுவர்களாக 2.5 சென்டிமீட்டர் இடைவெளியில் இருந்தால் ஏறத்தாழ 6,900 ஹெர்ட்ஸில் ஒலி முன்னும் பின்னுமாக மோதி நிற்கும். கடைசலில் உட்குழிவாகச் செதுக்கி, உள்ளே கம்பளியோ நுரையோ வைப்பது அதை உடைக்கத்தான். இதைக் கேட்க ஜால்ராவையும் 'ச', 'ஸ' ஒலிகள் நிறைந்த பெண் குரலையும் பயன்படுத்துங்கள். ஜால்ராவின் ஒவ்வொரு தட்டும் ஒரே சுருதியில் சீறினால் அந்தச் சீறல் கூட்டினுடையது.

நாதஸ்வரம் மற்றொரு குறையைக் காட்டிக்கொடுக்கும். கிராடோ மாடல்கள் பலவற்றில் 2,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு மேடு உண்டு, அதாவது அந்தப் பகுதி தூக்கலாக ஒலிக்கும். ஆழ்ந்த பேஸ் சரிந்துவிடும். கிட்டாரும் வயலினும் முன்னால் வந்து துடிப்போடு ஒலிப்பதும், நாதஸ்வரம் பத்து நிமிடத்தில் காதைக் களைப்பாக்குவதும் அதே மேட்டால்தான். இதைக் குறை என்பவரும் உண்டு, இதற்காகவே வாங்குபவரும் உண்டு. 1990களின் நடுவில் வந்த மகாகனி ஆர்எஸ்1 இன்றுவரை பேசப்படுவது இந்தக் குணத்தால். எனக்கு இது ஒரு மணி நேர விருந்து. அன்றாடச் சாப்பாடாக ஒத்துவராது.

இடவலச் சமநிலையைப் பார்க்க, இரு காதுக்கும் ஒரே ஒலியைத் தரும் மோனோவில் பதிவான ஒரு குரலை ஓட்டுங்கள். குரல் ஒரு பக்கம் சாய்ந்தால் ஹெட்ஃபோனை இடம் வலமாக மாற்றி அணியுங்கள். சாய்வும் பக்கம் மாறினால் கோளாறு ஹெட்ஃபோனில்; மாறாவிட்டால் உங்கள் காதிலோ பொருத்தத்திலோ. திறந்த பின்புறம் கொண்டவை அருகில் இருப்பவருக்கும் இசையைக் கேட்கச் செய்யும், பேருந்தின் இரைச்சலையும் உள்ளே விடும். அலுவலகத்துக்கும் பயணத்துக்கும் அவை உதவா.

நூறு மணி நேரம் ஓட்டினால் 'பழகிவிடும்' என்ற அறிவுரையை ஏற்காதீர்கள். மெத்தை சற்று அமுங்கிப் பொருத்தம் மாறுவதும், காது அந்த ஒலிக்கு வசப்படுவதுமே பெரும்பாலும் நடப்பவை. அதற்குள் திருப்பித்தரும் கெடு முடிந்திருக்கும்.

வரைபடத்தை வாசிக்கும்போது, அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி வருகிறது என்று காட்டும் ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸ் கோட்டைப் பார்க்கும்போது, காதின் மேல் அமரும் வகையில் அளவெடுக்கப் பயன்படும் பொம்மைத் தலையில் வைக்கும் இடம் சற்று மாறினாலே கோடு மாறும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். 100 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பெரிய மேடுபள்ளங்களை நம்பலாம். 10,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள கூர்மையான பள்ளங்களைப் பொருட்படுத்த வேண்டாம். ஒலிக்கருவிகள் செய்யும் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் 2013 முதல் வெளியிட்ட இலக்குக் கோடு, கேட்பவர்களில் பலர் விரும்பிய ஒலியைத் தொகுத்தது. உங்கள் காது அதில் அடங்க வேண்டிய கட்டாயமில்லை, ஆனால் ஒப்பிட ஒரு நிலையான அளவுகோலாக உதவும்.

விலை எங்கே போகிறது

ஒலி ஆய்வாளர் யெரூன் பிரீபார்ட் 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் 283 ஹெட்ஃபோன்களின் ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸையும் விலையையும் ஒப்பிட்டபோது இரண்டுக்கும் தொடர்பு காணப்படவில்லை. எனவே கூடுதல் விலை கூடுதல் ஒலிக்கு என்று தானாகக் கருதிவிடக் கூடாது. மரத்தைக் கடைந்து, உலர்த்தி, மெருகிட்டு, வெடித்தவற்றைக் கழித்து, சோடி சேர்ப்பதற்குச் செலவு ஆகிறது. அந்தக் கைவினைக்குப் பணம் தருவதில் தவறும் இல்லை, அதை ஒலியின் கணக்கில் எழுதாதவரை.

தருவதானால் மரம் உண்மையானதாக இருக்கட்டும். இடக் கிண்ணத்திலும் வலக் கிண்ணத்திலும் ரேகைகள் அச்சு மாறாமல் ஒன்றாக இருந்தால் அது அச்சிட்ட தாள். ரேகை விளிம்பில் வெட்டுண்டு நின்றால் மேலே ஒட்டிய மெல்லிய மரத்தோல். விளிம்பைத் தாண்டி உட்புறம் வரை தொடர்ந்தால் முழு மரம். மரத்தின் அரிதான தன்மையும் விலையை ஏற்றும். ஹெட்ஃபோன் கிண்ணங்களில் பயன்படும் கோகோபோலோ மரம் நம் ஈட்டி மரத்தின் பேரினமான டால்பெர்ஜியாவைச் சேர்ந்தது. படாக், வேங்கையும் செம்மரமும் அடங்கிய டெரோகார்பஸ் பேரினம். டால்பெர்ஜியா முழுவதும் 2017இலும், ஆப்பிரிக்க டெரோகார்பஸ் இனங்கள் 2022 பனாமா மாநாட்டிலும் அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் சேர்க்கப்பட்டன. அரிய மரம் என்பதால் ஒலி உயரவில்லை. விலை மட்டுமே உயர்ந்தது.

வாங்கும் விலையோடு அடுத்த ஐந்தாண்டுச் செலவையும் கூட்டுங்கள். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் செயற்கைத் தோல் மெத்தை முதலில் உரியும். நுரை மெத்தை நொய்ந்துபோகும். மாற்று மெத்தை கிடைக்கிறதா, அது நிறுவனத்தின் அசல் மெத்தையா என்பது முக்கியம், ஏனெனில் மெத்தையின் தடிமன் மாறினால் டிரைவருக்கும் காதுக்கும் உள்ள தூரம் மாறி ஒலியே வேறாகிவிடும். கிண்ணத்தைவிட மெத்தை ஒலியை அதிகம் மாற்றும் என்பதை மலிவான மாடல் ஒன்றில் மெத்தை மாற்றிப் பார்த்தவர்கள் அறிவார்கள். வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர் சுங்க வரியையும் 18 சதவீத ஜிஎஸ்டியையும், பழுதானால் திருப்பி அனுப்பும் செலவையும் சேர்க்க வேண்டும்.

பழைய மாடல்களைக் கைமாற்றாக வாங்குவதே இவ்வகையில் பெரும்பாலும் இலாபம். ஈஎஸ்டபிள்யூ9 போன்றவை இப்போது புதிதாக வருவதும் இல்லை. கிண்ணத்தில் ரேகை ஓடும் திசையில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மரம் ரேகைக்குக் குறுக்காகவே அதிகம் விரிந்து சுருங்குவதால் வெடிப்பும் ரேகையோடே ஓடும். கேபிள் கிண்ணத்துக்குள் நுழையும் இடத்தை வளைத்து ஒலி அறுபடுகிறதா என்று கேளுங்கள், ஏனெனில் கழற்ற முடியாத கேபிள் அங்கேதான் முதலில் அறும். 20 ஹெர்ட்ஸிலிருந்து மேலேறும் தொடர் ஒலியை ஓட்டி, இரு பக்கமும் தனித்தனியே கேட்டு, எங்காவது கிண்ணமோ திருகோ கிலுகிலுத்தால் அந்த இடத்தில் விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது கிலுகிலுப்பு நின்றால் திருகை இறுக்கினாலோ பசை வைத்தாலோ தீரும், விலையைக் குறைத்துக் கேட்கலாம்; நிற்காமலும், சவ்வின் மேல் முடி ஏதும் கிடக்காமலும் இருந்தால் டிரைவரே பழுது, எந்த விலைக்கும் வேண்டாம்.