36.8-இலிருந்து 0.02-க்கு: கந்தக அமிலத்தை நீர்க்கச் செய்யும் கணக்கு

மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12 நெருங்கினால் எங்கள் மண் பரிசோதனைக் கூடத்தில் மண் பைகள் குவியத் தொடங்கிவிடும். குறுவைக்கு எவ்வளவு யூரியா போடலாம் என்று கேட்டு மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கத்து விவசாயிகள் கொண்டுவருவார்கள். தழைச்சத்தை அளக்க 0.02 நார்மாலிட்டி கந்தக அமிலம் வேண்டும். நார்மாலிட்டி என்பது ஒரு லிட்டரில் எத்தனை சமான எடை அமிலம் இருக்கிறது என்ற செறிவு அளவு. அலமாரியில் இருப்பதோ அடர் அமிலம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இந்தக் கணக்கைத்தான்.

புட்டியின் லேபிளைப் பாருங்கள்: 98 சதவீதம், அடர்த்தி 1.84. அந்தச் சதவீதம் எடைக்கு உரியது. 100 கிராம் திரவத்தில் 98 கிராம் அமிலம். நாம் அளப்பதோ மில்லிலிட்டரில். அதனால் அடர்த்தியால் பெருக்கியே ஆக வேண்டும். கந்தக அமிலத்தின் சமான எடை 49 (ஒரு மூலக்கூறு இரண்டு ஹைட்ரஜனைத் தருவதால், மூலக்கூறு எடை 98-இல் பாதி).

1000 × 1.84 × 0.98 ÷ 49 = 36.8 நார்மாலிட்டி

அடர்த்தியை மறந்தால் 20 என்று வரும்; தேவையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு அமிலத்தை எடுத்துவிடுவீர்கள். புட்டிக்குப் புட்டி சதவீதம் மாறும் என்பதால் 36.8-ஐ மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒவ்வொரு முறையும் லேபிளிலிருந்தே கணக்கிடுங்கள்.

அடுத்தது எல்லோருக்கும் தெரிந்த சூத்திரம்: நா₁ × ப₁ = நா₂ × ப₂. நா என்பது நார்மாலிட்டி, ப என்பது பருமன். நேராக ஒரு லிட்டர் 0.02 தயாரிக்க நினைத்தால் 0.54 மி.லி. அடர் அமிலம் போதும் என்று விடை வரும். அவ்வளவு சிறிய அளவை, எண்ணெய்போல் பிப்பெட்டில் ஒட்டிக்கொள்ளும் அமிலத்தில் துல்லியமாக அளக்க முடியாது. எனவே இரண்டு படிகளாகப் போவோம். முதலில் 0.1 நார்மாலிட்டி, ஒரு லிட்டர்:

0.1 × 1000 ÷ 36.8 = 2.72 மி.லி.

நான் 2.8 மி.லி. எடுப்பேன். செறிவு சற்றுக் கூடினால் நீர் சேர்த்துச் சரிசெய்யலாம். குறைந்தால் அப்படி முடியாது.

கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொள்ளுங்கள். வாயால் உறிஞ்சாதீர்கள், ரப்பர் பல்பு போதும். பீக்கரில் அரை லிட்டர் காய்ச்சி வடித்த நீரை முதலில் ஊற்றி, அதில் அமிலத்தைச் சிறிது சிறிதாக விட்டுக் கலக்குங்கள். நீரை அமிலத்தில் ஊற்றவே கூடாது. வெப்பம் ஒரே இடத்தில் பொங்கி அமிலம் முகத்தில் தெறிக்கும். கரைசல் ஆறிய பிறகே அளவுக் குடுவைக்கு மாற்றிக் கோடு வரை நிரப்புங்கள்.

திறந்த புட்டி காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆகவே கணக்கில் வந்த 0.1-ஐ அப்படியே நம்பாமல் சோதிக்க வேண்டும். உலர்த்திய நீரற்ற சோடியம் கார்பனேட் 1.325 கிராமை 250 மி.லி. கரைசலாக்கினால் அது 0.1 நார்மாலிட்டி. அதில் 20 மி.லி. எடுத்து, நிறங்காட்டியான மெத்தில் ஆரஞ்சு சேர்த்து, பியூரெட்டிலிருந்து அமிலத்தை விடுங்கள். மஞ்சள் ஆரஞ்சாக மாற 19.4 மி.லி. ஆனது என்று வைத்துக்கொள்வோம்:

20 × 0.1 ÷ 19.4 = 0.1031

இனி 0.02-க்கு: 0.02 × 1000 ÷ 0.1031 = 194 மி.லி. இதை அளவுக் குடுவையில் எடுத்து ஒரு லிட்டராக்குங்கள்.

இந்தக் கடைசி நிரப்பலுக்கும் காய்ச்சி வடித்த நீரே வேண்டும். ஒருமுறை அது தீர்ந்துபோக, புதியவர் ஒருவர் ஆழ்குழாய் நீரை ஊற்றிவிட்டார். கடைமடையில் பல இடங்களில் நிலத்தடி நீரில் பைகார்பனேட் உண்டு. லிட்டருக்கு 5 மில்லி சமானம் (சமான எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருந்தால், ஊற்றிய 806 மி.லி. நீரே 4 மில்லி சமான அமிலத்தைத் தின்றுவிடும். குடுவையில் இருப்பது மொத்தம் 20தான். 0.02 என்று எழுதி ஒட்டிய கரைசல் உண்மையில் 0.016 ஆகிவிடுகிறது.

20 கிராம் மண்ணில் சோதிக்கும்போது, இந்த அமிலம் 1 மி.லி. செலவானால் ஹெக்டேருக்கு 31.36 கிலோ தழைச்சத்து என்று கணக்கிடுகிறோம். 7.2 மி.லி. செலவாக வேண்டிய மண்ணுக்கு அந்தக் கரைசலில் 9 மி.லி. செலவாகும். உண்மையில் 226 கிலோ உள்ள வயல், அறிக்கையில் 282 கிலோ ஆகிவிடும். 280-க்குக் கீழே இருந்தால் ‘குறைவு’, அதற்கு மேல் ‘நடுத்தரம்’. தழைச்சத்துக் குறைந்த வயலுக்கு யூரியாவைக் குறைத்துப் போடச் சொல்லியிருப்போம். அன்று மாலையே கரைசலைக் கொட்டிவிட்டு, அந்த நாளின் மண் மாதிரிகள் அனைத்தையும் மறுபடி சோதித்தோம்.