ஞாயிறு ஓய்வுநாள்: அடுப்படிக்கும் சேர்த்து அனுசரிப்பது எப்படி?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் ஞாயிறு என்றால் காலையில் கோயில், மதியம் கறிக்குழம்பு, அப்புறம் தூக்கம். மசாலா வறுத்து அரைத்து, கறியை வேகவைத்து, பாத்திரம் கழுவி முடிக்கிற பெண்ணுக்கு அந்தத் தூக்கமும் இல்லை. வேதாகமத்தின் ஓய்வுநாள் கட்டளையை (யாத்திராகமம் 20:8-11) நிதானமாகப் படியுங்கள். மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், வாசலுக்குள் இருக்கும் அந்நியன் என்று ஒவ்வொருவராகச் சொல்லி வேலையை நிறுத்தச் சொல்கிறது. உபாகமம் 5ஆம் அதிகாரம் காரணமும் தருகிறது: நீ எகிப்தில் அடிமையாயிருந்தவன், மறக்காதே. ஒருவர் ஓய்வெடுக்க இன்னொருவர் உழைக்கிற வீட்டில் இந்தக் கட்டளை நிறைவேறவில்லை என்றே சொல்ல வேண்டும்.

எந்த நாள் என்பதில் சபைக்குச் சபை வித்தியாசம் உண்டு. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையார் வெள்ளி அந்தியிலிருந்து சனி அந்தி வரை ஆசரிக்கிறார்கள். கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையாரும் இயேசு உயிர்த்தெழுந்த ஞாயிறை ஆண்டவருடைய நாளாகக் கொள்கிறார்கள். 321-ல் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிறை ஓய்வுநாளாகச் சட்டமாக்கியபோது நகரத்தாருக்குத்தான் அது பொருந்தியது; உழவர்களுக்கு விலக்கு இருந்தது. ரோமர் 14:5-ல் பவுல், நாள் விஷயத்தில் அவனவன் தன் மனதில் நிச்சயித்துக்கொள்ளட்டும் என்கிறார். இதற்காகச் சண்டை வேண்டாம்.

ஞாயிறை அனுசரிப்பவர்களும் சனிக்கிழமை அந்தியிலேயே தொடங்குவது நல்லது. விடிந்ததும் தொடங்கலாம் என்று விட்டால், மிச்ச வேலை நடு ராத்திரி வரை இழுத்து, மறுநாள் அசதிதான் மிஞ்சும். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் தந்த உணவான மன்னாவை ஆறாம் நாள் இரண்டத்தனையாகச் சேர்க்கச் சொன்னதும் (யாத்திராகமம் 16) இதே முன்னேற்பாடுதான்.

சனிக்கிழமை வேலையில் முக்கியமானது சமையல். கறியை ஞாயிறு மதியத்திலிருந்து சனி இரவுக்கு மாற்றுங்கள். அதுவே ஓய்வுநாளைத் தொடங்கி வைக்கும் சாப்பாடாகட்டும். குடும்பம் மொத்தமும் ஒன்றாக உட்கார்ந்து ஜெபித்துச் சாப்பிடலாம். பாத்திரத்தை அன்றிரவே ஆளுக்குக் கொஞ்சமாகக் கழுவிவிடுங்கள், ஆண்பிள்ளைகள் உட்பட.

ஞாயிறு மதியத்துக்குச் சனிக்கிழமையே பூண்டு, சின்ன வெங்காயம் போட்ட காரக்குழம்பு வைக்கலாம். நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, எண்ணெய் மேலே மிதக்கும் வரை சுண்ட வையுங்கள். புளியும் எண்ணெயும் காப்பதால் மறுநாள் வரை தாங்கும், ருசியும் கூடும். தேங்காய் அரைத்து ஊற்றாதீர்கள். நம் ஊர் வெக்கையில் விடிவதற்குள் ஊசிப்போகும். ஞாயிறன்று சோறு வடித்து, அப்பளம் பொரித்தால் போதும்.

காலைப் பலகாரத்துக்குக் குழிப்பணியாரம் வேண்டாம் என்பது எங்கள் யோசனை. சட்டி முன்னால் நின்று ஒவ்வொரு குழியாகத் திருப்பிப் போட ஒரு ஆள் வேண்டும். இட்லி தானாக வெந்துகொள்ளும். இட்லி அரிசி 4 பங்கு, உளுந்து 1 பங்கு, தனித்தனியாக 4 மணி நேரம் ஊற வைத்து, இரவு 7 மணி வாக்கில் அரைத்து வையுங்கள். சித்திரை, வைகாசியில் மதியமே அரைத்தால் விடியும்போது மாவு பொங்கி வழிந்து, புளிப்பு தூக்கலாகிவிடும். கோயிலுக்குக் கிளம்பும் துணிகளைத் தேய்த்து வைப்பதும், தொட்டியில் தண்ணீர் நிரப்புவதும், கடைக் கணக்கை முடிப்பதும் அந்திக்குள் ஆகிவிட வேண்டும்.

வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு ஞாயிறு விடுமுறை கொடுத்துவிட்டு அந்த நாள் சம்பளத்தைப் பிடித்தால், அவர் வேறு வீட்டுக்குத்தான் வேலைக்குப் போவார். கடையில், பட்டறையில் தினக்கூலிக்கு இருப்பவர்களுக்கும் இதுவே நிலைமை. ஆகவே சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது ஞாயிறுக்கும் சேர்த்துக் கொடுங்கள். செலவு கூடும்தான். ஆனால் கட்டளையில் அவர்களும் இருக்கிறார்களே!

பிள்ளைகளின் ஞாயிறு டியூஷனை வேறு நாளுக்கு மாற்றக் கேளுங்கள். ஏழு நாளும் படிக்கிற பிள்ளைக்கு எதுவும் மனதில் நிற்காது. முகூர்த்த ஞாயிறுகளில் கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று அழைப்பு குவியும். அக்கம்பக்கத்தார் விசேஷத்துக்குப் போய் வருவதில் தவறில்லை. ஒன்றுக்குப் போங்கள், மற்றதற்கு முன்கூட்டியோ பின்னாலோ போய் விசாரித்துக்கொள்ளுங்கள். மூன்று மண்டபம் ஏறி இறங்கினால் அது ஓய்வுநாள் ஆகாது.

நோயாளியைக் கவனிப்பது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது, அவசரத்துக்கு ஓடுவது இவற்றுக்குத் தடையே இல்லை. குழியில் விழுந்த எருதை ஓய்வுநாளில் தூக்கிவிடமாட்டீர்களா என்று இயேசுவே கேட்டார் (லூக்கா 14:5). "ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது" என்றதும் (மாற்கு 2:27) அவர்தான்.

நர்ஸ், பஸ் டிரைவர், மெஸ்ஸில் சமைப்பவர் போன்றோருக்கு ஞாயிறுதான் வேலை அதிகம். வார விடுமுறை விழும் நாளில், முந்தின அந்தி தொடங்கி 24 மணி நேரத்தை அதே ஒழுங்கோடு எடுத்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கராக இருந்தால் சனி மாலைத் திருப்பலியில் பங்கேற்றாலே ஞாயிறு கடமை நிறைவேறிவிடும். சி.எஸ்.ஐ. சபையார் வேறு நேர ஆராதனை உண்டா என்று போதகரிடம் முன்னதாகக் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.