கேம்பிரிட்ஜில் போஸ்ட்டாக் தேடுகிறீர்களா? முதலில் தேடும் சொல்லை மாற்றுங்கள்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்புத் தளத்தில் 'போஸ்ட்டாக்' என்று தட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் தேறவில்லை என்று மூடிவிடுகிறவர்கள் உண்டு. அங்கே பிஎச்டி முடித்து ஆராய்ச்சி செய்பவரின் பதவிப் பெயர் 'ரிசர்ச் அசோசியேட்'. அதைப் போட்டுத் தேடுங்கள். தீசிஸ் கொடுத்தாயிற்று, பட்டம் இன்னும் வரவில்லை என்றாலும் பரவாயில்லை, முதலில் 'ரிசர்ச் அசிஸ்டென்ட்' என்று சேர்த்துக்கொண்டு பட்டம் வந்ததும் மாற்றிக் கொடுப்பது அங்கே வழக்கம்.

ஆனால் இது வேலை, ஃபெல்லோஷிப் இல்லை. பேராசிரியர் வாங்கிய கிராண்ட், அவர் எழுதிய திட்டம், நீங்கள் ஆள். சொந்தக் கேள்வியோடு போக வேண்டுமென்றால் காலேஜ்கள் பக்கம் திரும்ப வேண்டும். மொத்தம் 31 காலேஜ்; ஒவ்வொன்றுக்கும் தனி நிர்வாகம், தனி கஜானா. இவற்றில் பல, 'ஜூனியர் ரிசர்ச் ஃபெல்லோஷிப்' என்று பெரும்பாலும் மூன்று நாலு வருஷத்துக்குக் கொடுக்கின்றன. (வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகருக்கு 1933இல் ட்ரினிட்டி காலேஜ் கொடுத்ததும் இந்த வகையறாதான்.) இலையுதிர் காலத்தை ஒட்டித்தான் நிறைய விளம்பரங்கள் வரும், சேர்வது அடுத்த வருஷம் அக்டோபர் வாக்கில். அதனால் ஆகஸ்டிலிருந்தே ஒவ்வொரு காலேஜ் தளத்தையும் தனித்தனியாகத் திறந்து பாருங்கள், அலுப்பான வேலைதான், வேறு வழியில்லை. 'நான் ஸ்டைபெண்டரி' என்று போட்டிருந்தால் சம்பளம் கிடையாது. ஏற்கனவே வேறு இடத்தில் சம்பளம் வாங்குகிறவருக்கான கௌரவம் அது. சந்தோஷத்தில் அந்த வார்த்தையைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

மூன்றாவது வழி வெளிப்பணம். பிரிட்டனுக்கு வெளியே இருப்பவர்களுக்கு நியூட்டன் இன்டர்நேஷனல், ஐரோப்பிய யூனியனின் மேரி கியூரி என்ற இரண்டு ஃபெல்லோஷிப்பும் முக்கியம். மேரி கியூரிக்குக் கடைசி மூன்று வருஷத்தில் பிரிட்டனில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. லெவர்ஹுல்ம் என்ற டிரஸ்ட் கொடுக்கும் ஃபெல்லோஷிப்பில் பாதிச் சம்பளத்தைப் பல்கலைக்கழகம் போட வேண்டும் என்பதால், யாரை அனுப்புவது என்று முதலில் டிபார்ட்மென்ட்டே சலித்து எடுக்கும். நான் அடிபட்டது இப்படி ஒன்றில்தான் (வேறொரு ஊரில்): டிரஸ்ட் போட்ட கடைசித் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தேன், டிபார்ட்மென்ட்டின் உள்தேதி அதற்குப் பல வாரம் முன்னாலேயே போயிருந்தது. ஒரு வருஷம் வீண்.

இந்த வெளிப்பண ஃபெல்லோஷிப்புகளுக்கெல்லாம் அங்கே உங்களை ஏற்றுக்கொள்ள ஒரு பேராசிரியர் தேவை. 'ரெஸ்பெக்டட் சார்' என்று தொடங்கி, பத்தாம் வகுப்பு மார்க் வரை சொல்லும் மெயிலை யாரும் படிப்பதில்லை. பெயர் போட்டு எழுதுங்கள். அவருடைய கட்டுரையில் விட்டுப்போன எந்த இடத்தை நீங்கள் பிடிக்கப் போகிறீர்கள் என்று இரண்டு வரி, எந்த ஃபெல்லோஷிப்புக்கு, எப்போது என்று ஒரு வரி, கூடவே சிவி. பத்து நாளில் பதில் இல்லையென்றால் இன்னொரு தடவை எழுதலாம், தப்பே இல்லை.

அப்புறம், பரிந்துரைக் கடிதம். நம்மூரில் கைடு "நீயே எழுதிக் கொண்டுவாப்பா, கையெழுத்துப் போடுறேன்" என்பார். அங்கே அது நடக்காது, லிங்க் நேராக அவருடைய மெயிலுக்குப் போகும், பாதி நேரம் ஸ்பேமில் விழும். கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்னாலேயே போன் போட்டு, அவர் அதைத் திறந்தாரா என்று கேட்டுவிடுங்கள்.