நயாகரா போகிறவர்களுக்கு: லெட்ச்வொர்த் பூங்காவை ஒரே நாளில் பார்ப்பது எப்படி?

நயாகராவைப் பார்த்துவிட்டு நம்மவர்கள் பலர் அப்படியே நியூயார்க் நகரத்துக்கு வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். நயாகராவுக்குப் பக்கத்து நகரமான பஃபலோவிலிருந்து ஒன்றேகால் மணி நேரத்தில் லெட்ச்வொர்த் மாநிலப் பூங்கா இருக்கிறது. ஜெனசீ ஆறு பாறையை அறுத்து உண்டாக்கிய பள்ளத்தாக்கு, சில இடங்களில் 600 அடி ஆழம். முதல் தடவை போகிறவர்கள் இந்த வரிசையில் பார்த்தால் அலைச்சல் மிச்சம்.

1. எந்த வாசல் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பூங்காவின் நீளம் 17 மைல். மூன்று பெரிய அருவிகளும் தெற்குக் கோடியில்தான் இருக்கின்றன. ஜிபிஎஸ்ஸில் பூங்காவின் பெயரை மட்டும் போட்டால் வடக்கே மவுண்ட் மோரிஸ் வாசலில் கொண்டுபோய் விட்டுவிடலாம். அதனால் காஸ்டைல் வாசலையோ க்ளென் ஐரிஸ் விடுதியையோ குறிப்பிட்டுத் தேடுங்கள். உள்ளே செல்போன் சிக்னலை நம்ப முடியாது. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள்.

2. கட்டணம்

கோடையில் ஒரு காருக்கு 10 டாலர் வாக்கில் வாங்குவார்கள். தேசியப் பூங்காக்களுக்கு வாங்கிய வருடாந்தர பாஸ் இங்கே செல்லாது. இது மாநில அரசின் பூங்கா.

3. நடு அருவியில் தொடங்குங்கள்

காலையிலேயே போய்விட்டால் கார் நிறுத்த இடம் தேடி அலைய வேண்டாம். 107 அடி உயர நடு அருவி க்ளென் ஐரிஸ் விடுதியின் வாசலிலேயே விழுகிறது. அந்த விடுதி ஒரு காலத்தில் வில்லியம் லெட்ச்வொர்த் என்ற தொழிலதிபரின் வீடு. சுற்றியிருந்த 1,000 ஏக்கரையும் சேர்த்து அவர் மாநிலத்துக்கே கொடுத்துவிட்டார். தண்ணீர் நிறைய வரும் நாளில் சாரல் மேலே பாதை வரை தெறிக்கும், கண்ணாடி போட்டவர்கள் துடைத்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான்.

அங்கிருந்து ஆற்றோரமாகவே மேல் அருவிக்கு நடந்துவிடலாம். அருவிக்கு மேலே பள்ளத்தாக்கைத் தாண்டிப் போகும் ரயில் பாலம் 2017-ல் திறந்தது. நேரம் வாய்த்தால் நீளமான சரக்கு ரயில் ஒன்று தலைக்கு மேலே ஊர்ந்துபோகும்.

4. கீழ் அருவியைச் சாப்பாட்டுக்கு முன் முடியுங்கள்

என்னைக் கேட்டால் பூங்காவிலேயே நல்ல இடம் இதுதான். ஆனால் 127 கல்படிகள் இறங்கினால் திரும்ப ஏறவும் வேண்டும். புளியோதரையை ஒரு கட்டு கட்டிவிட்டுப் போனால் பாதியில் மூச்சு வாங்கும். முட்டி வலி உள்ள பெரியவர்களை மேலேயே உட்கார வைப்பது நல்லது. கீழே ஒரு சின்னக் கல் பாலம். அதில் நின்றால் இருபுறமும் ஏடு ஏடாக அடுக்கிய பாறைச் சுவர், அடியில் பழுப்பு நிறத்தில் இடுங்கி ஓடும் ஆறு. ஈரக் கல் வழுக்கும் என்பதால் செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். ஆற்றில் இறங்கிக் குளிக்க அனுமதி இல்லை.

5. சாப்பாடு, அப்புறம் கார்ப் பயணம்

சாப்பிட மேசைகள் ஏராளம். மிச்சத்தை மூடி வையுங்கள், அணில் சும்மா விடாது. பிறகு வடக்கு நோக்கி மெதுவாக ஓட்டுங்கள். வழிநெடுக நின்று பார்க்கும் இடங்கள் வரும்; எல்லாவற்றிலும் இறங்க வேண்டாம், கிரேட் பெண்டை மட்டும் விட்டுவிடாதீர்கள் (இன்ஸ்பிரேஷன் பாயிண்ட் நடு அருவிக்கும் கீழ் அருவிக்கும் இடையிலேயே வந்துவிடும், அதையும் தவறவிட வேண்டாம்). தடுப்புச் சுவர்கள் உயரம் குறைவானவை. குழந்தைகளின் கையை விடாதீர்கள், செல்ஃபிக்காகச் சுவரில் ஏறுவதும் வேண்டாம்.

6. எப்போது போகலாம்?

பனி உருகும் வசந்தத்தில் தண்ணீர் அதிகம். அக்டோபர் நடுவில் இலைகள் சிவந்து அழகாக இருக்கும், கூட்டமும் அள்ளும். முடிந்தால் வார நாளில் போங்கள். பனிக்காலத்தில் பூங்காச் சாலையின் ஒரு பகுதியை மூடிவிடுவார்கள், அப்போது 5-ல் சொன்ன கார்ப் பயணம் நடக்காது.

7. வெளியே வரும் வழி

வடக்குக் கோடியில் மவுண்ட் மோரிஸ் அணை. வெள்ளத்திலிருந்து ராச்செஸ்டர் நகரைக் காக்க 1952-ல் கட்டி முடித்தது, மற்ற நாட்களில் ஆறு அதன் வழியே போய்க்கொண்டே இருக்கும். பத்து நிமிடம் போதும். ராச்செஸ்டர் போகிறவர்களுக்கு 390 நெடுஞ்சாலை பக்கத்திலேயே இருக்கிறது. பஃபலோ திரும்புகிறவர்கள் பாதியிலேயே காஸ்டைல் பக்கம் திரும்பிவிட்டால் சுற்று மிச்சம்.