'வரலாறு', 'ஹிஸ்டரி': ஒரு சொல்லின் பிறப்பைத் தேடும் முறை

'ஹிஸ்டரி' என்பதை 'ஹிஸ் ஸ்டோரி' என்று பிரித்து 'ஆணின் கதை' என்று பொருள் சொல்பவர்கள் உண்டு. 'வரலாறு' என்பதை 'வரல் + ஆறு' என்று பிரித்து 'நதிபோல ஓடி வருவது' என்பவர்களும் உண்டு. முதலாவதில் பிரிப்பே தவறு. இரண்டாவதில் பிரிப்பு சரி, பொருள்தான் தவறு. எங்கே சறுக்கியது என்று கண்டுபிடிக்கத் தெரிந்துகொண்டால், இதே முறையில் வேறு எந்தச் சொல்லையும் அணுகலாம்.

ஒரு நோட்டில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டு ஐந்து பத்திகள் பிரித்துக்கொள்ளுங்கள்: சொல்லின் வடிவம், மொழி, காலம், அங்கே அதற்கு என்ன பொருள், எந்த நூலில் எந்த இடத்தில். சொல்லைப் பிரிக்கும் ஆசையை இந்தப் பட்டியல் நிரம்பும்வரை அடக்கி வையுங்கள். பிரிப்பதைப் போல எளிதான வேலை இல்லை, தவறுகளில் பெரும்பாலானவை அங்கேதான் பிறக்கின்றன.

பின்னோக்கி நடப்பது

இன்றைய வடிவத்திலிருந்து ஒவ்வொரு படியாகப் பின்னால் போக வேண்டும், படி தாண்டக்கூடாது. 'ஹிஸ்டரி' ஆங்கிலத்தில் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் காணப்படுகிறது. அதற்கு முன் பழைய பிரெஞ்சில் 'எஸ்த்வார்', அதற்கு முன் லத்தீனில் 'ஹிஸ்தோரியா', அதற்கும் முன் கிரேக்கத்தில் 'ஹிஸ்தோரியா'. ஆங்கிலத்தின் 'ஸ்டோரி'யும் இதே சொல்தான். அது பிரெஞ்சு வழியாக முன்னதாகவே வந்து, முதல் அசையை இழந்தது. நெடுங்காலம் 'ஹிஸ்டரி', 'ஸ்டோரி' இரண்டும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக வழங்கின. நடந்ததற்கு ஒன்று, கற்பனைக்கு ஒன்று என்ற பங்கீடு பிறகு வந்தது.

இந்தப் பட்டியலே 'ஹிஸ் ஸ்டோரி'யைக் கவிழ்த்துவிடும். 'ஹிஸ்' என்பது ஆங்கிலத்தின் சொந்தச் சொல். கிரேக்கர்கள் 'ஹிஸ்தோரியா' என்று எழுதிய காலத்தில் ஆங்கிலம் என்ற மொழியே இல்லை. ஸ்பானிய 'இஸ்தோரியா'விலும் இத்தாலிய 'ஸ்தோரியா'விலும் 'ஹிஸ்' எங்கே? ஒரு பிரிப்பு ஒரே ஒரு மொழியில் மட்டும் பொருந்தி, சொல் வந்த மொழியில் பொருந்தாவிட்டால் அதைக் கைவிடுங்கள்.

பழைய இடங்களை வாசிப்பது

அகராதி தரும் பொருளோடு நிற்காமல், அந்தச் சொல் வரும் குறைந்தது மூன்று பழைய இடங்களையாவது வாக்கியத்தோடு வாசியுங்கள். 'ஹிஸ்தோரியா'வுக்கு இவை போதும்:

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் தம் நூலின் முதல் வரியிலேயே இந்தச் சொல்லை எழுதுகிறார். அங்கே அதற்குப் பொருள் 'விசாரணை', அதாவது கேட்டும் பார்த்தும் கண்டறிந்தது. அடுத்த நூற்றாண்டில் கிரேக்கத் தத்துவஞானி அரிஸ்டாட்டில் விலங்குகளைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பிலும் இதே சொல் நிற்கிறது. அது விலங்குகளின் கடந்த காலத்தைச் சொல்லும் நூல் அல்ல, அவற்றைப் பற்றிய ஆய்வு. ஆனால் அதே அரிஸ்டாட்டில் 'கவிதையியல்' என்ற நூலில், ஹெரோடோட்டஸ் எழுதியதைச் செய்யுளாக்கினாலும் அது ஹிஸ்தோரியாவாகவே இருக்கும் என்கிறார். இங்கே சொல் நடந்ததை எழுதும் துறைக்குப் பெயராக மாறிவிட்டது. ஒரே ஆசிரியரிடம் இரண்டு பொருளும் இருக்கின்றன. பழைய நூலில் இந்தச் சொல்லைக் கண்டதுமே 'வரலாறு' என்று மொழிபெயர்த்தால் பாதி இடங்களில் பிழையாகும். 'நேச்சுரல் ஹிஸ்டரி' என்ற தொடரில் அந்தப் பழைய பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது.

வேரைத் தொடுவது

இனிப் பிரிக்கலாம். 'ஹிஸ்தோரியா'வுக்கு அடி 'ஹிஸ்தோர்', 'அறிந்தவர்'. ஹோமரின் கிரேக்கக் காவியமான இலியட் 18ஆம் காண்டத்தில், கொலைக்கான ஈட்டுத்தொகை குறித்து வழக்காடும் இருவர் ஒரு ஹிஸ்தோரிடம் போகிறார்கள். அங்கே அவர் நடுவர். கிரேக்க நாட்டின் பொயோட்டியா வட்டாரக் கல்வெட்டுகளில் இதே சொல் 'விஸ்தோர்' என்று, 'சாட்சி' என்ற பொருளில் வருகிறது. அந்த வகரம்தான் துப்பு. அயோனியம், அட்டிக்கம் போன்ற கிரேக்க வட்டார வழக்குகளில் சொல்முதல் வகரம் தேய்ந்து மறைந்தது.

ஆக, 'விட்' என்ற அடியோடு 'தோர்' என்ற விகுதி. ஆனால் 'விட்தோர்' எப்படி 'விஸ்தோர்' ஆகும்? ஒலிமாற்றத்தைச் சும்மா சொல்லிவிட்டுப் போகக்கூடாது, அதே மொழியில் இன்னொரு சான்று காட்ட வேண்டும். கிரேக்கத்தில் 'ஒய்டா' என்றால் 'எனக்குத் தெரியும்', 'இஸ்தெ' என்றால் 'உங்களுக்குத் தெரியும்'. அங்கேயும் 'இட்' + 'தெ' சேர்ந்து 'இஸ்தெ' ஆகியிருக்கிறது. சான்று கிடைத்துவிட்டது. அந்த 'விட்' அடியின் முதற்பொருள் 'பார்'. பார்த்ததால் அறிந்தவரே ஹிஸ்தோர். லத்தீனில் 'பார்க்கிறேன்' என்பதற்கான 'விடெயோ', சமஸ்கிருதத்தின் 'வேத', 'வித்யா' எல்லாம் இதே வேர். அப்படியானால் சமஸ்கிருதம் வழியாக நாம் பெற்ற 'வித்தை'யும் ஹிஸ்டரிக்கு உறவுதான்.

ஒலி ஒத்திருப்பதால் மட்டும் உறவு வந்துவிடாது. திசுக்களைப் பற்றிய 'ஹிஸ்டாலஜி'யும் 'ஹிஸ்' என்றே தொடங்குகிறது. அதன் வேர் 'தறி, நெசவு' என்னும் பொருளுடைய 'ஹிஸ்தோஸ்', இதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

'வரலாறு' என்பதில் எந்த ஆறு?

தமிழில் 'ஆறு' மூன்று: எண், நதி, வழி. நதியைக் குறிக்கும் ஆறு பழந்தமிழில் 'யாறு'. புறநானூறு 192ஆம் பாட்டில் 'பேர்யாற்று' என்று நிற்பதைப் பாருங்கள். யானை பேச்சில் 'ஆனை' ஆவதைப் போல யாறு 'ஆறு' ஆனது. தெலுங்கோடு வைத்துப் பார்த்தால் இன்னும் உறுதியாகும்: யானைக்கு அங்கே 'ஏனுகு', யாற்றுக்கு 'ஏரு'. இரண்டிலும் நம் 'யா' அங்கே 'ஏ'.

வழியைக் குறிக்கும் ஆறு வேறு சொல். திருக்குறளின் 'அறத்தாறு', ஆற்றுப்படை இலக்கியத்தின் 'ஆறு' எல்லாம் இதுதான். 'வழி' என்பதிலிருந்து 'விதம்' என்ற பொருளும் விரிந்தது. நாம் தினமும் எழுதும் 'பின்வருமாறு' என்பதை 'வரும் + ஆறு' என்று பிரித்துப் பாருங்கள். 'வரலாறு' என்பதற்கும் அதே இரண்டு உறுப்புகள்தான்: வந்த வழி, வந்த விதம். செய்யுள் இலக்கணத்துக்கான உரைநூலாகிய யாப்பருங்கல விருத்தியில் விதியைச் சொல்லிவிட்டு 'வரலாறு' என்று எழுதி எடுத்துக்காட்டுச் செய்யுளைத் தருவார்கள். விதி செய்யுளில் 'வரும் விதம் இது' என்பதே அங்கே பொருள். நதி என்று கொண்டால் அந்த இடம் விளங்கவே விளங்காது.

வரலாற்றைக் குறிக்கும் மற்றச் சொற்களையும் பாருங்கள். 'சரித்திரம்' சமஸ்கிருதத்தின் 'சர்', அதாவது 'நட' என்னும் அடியிலிருந்து வந்தது. அங்கே அதற்கு நடத்தை, செயல் என்று பொருள். 'இதிகாசம்' என்பது 'இதி ஹ ஆச', 'இப்படித்தான் இருந்தது'. ஜெர்மனின் 'கெஷிஷ்தெ' 'நிகழ்' என்னும் வினையிலிருந்து பிறந்தது. அரபின் 'தாரீக்' நாள் குறிப்பது. பொருள் ஒன்றாக இருப்பதால் வேரும் ஒன்றாக இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

சரிபார்க்க இரண்டு கருவிகள் அவசியம்: சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி, பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி. பின்னதில் 1984இன் இரண்டாம் பதிப்பைப் பாருங்கள், வழியும் நதியும் தனித்தனிப் பதிவுகளாக இருக்கும்.

முடிவை எழுதும்போது பிறந்த பொருளையும் இன்றைய பொருளையும் ஒரே வரியில் குழப்பாதீர்கள். இப்படி எழுதலாம்: 'வரலாறு. வரல் + ஆறு (வழி). முதற்பொருள் வந்த விதம். உரைகளில் எடுத்துக்காட்டைச் சுட்டும். இன்று கடந்த காலத்தைப் பற்றிய பதிவும் துறையும். நதி என்னும் ஆறு (யாறு) வேறு.'