சனிக்கிழமைக் கப்பலுக்கு வியாழக்கிழமை விமானம்: ஹவாய் குரூஸ் போகிறவர்களுக்கு ஒரு நாள் கணக்கு

"சனிக்கிழமையாடா கிளம்பணும்? வேற நாளே கிடைக்கலையா?" என்று அம்மா கேட்டபோது சிரித்து மழுப்பினேன். ஹொனலூலுவிலிருந்து ஹவாய்த் தீவுகளைச் சுற்றிவரும் 'பிரைட் ஆஃப் அமெரிக்கா' கப்பல் வாராவாரம் சனிக்கிழமை மாலை 7 மணிக்குத்தான் புறப்படுகிறது. ராகுகாலம், எமகண்டம் எல்லாம் அதற்குத் தெரியாது. சான் ஃபிரான்சிஸ்கோவில் அன்று காலையே விமானம் ஏறினால் நண்பகலில் இறங்கிவிடலாம், ஒரு ராத்திரி ஹோட்டல் வாடகை மிச்சம். இதுதான் என் கணக்கு.

விமானத்தில் ஏதோ பழுது. மூன்று மணி நேரம் கேட்டிலேயே உட்கார்ந்திருந்தோம். ஹொனலூலுவில் இறங்கிப் பார்த்தால் மூன்று பெட்டியில் இரண்டுதான் வந்திருந்தது. வராதது அம்மாவின் பெட்டி. புகார் எழுதிக் கொடுத்துவிட்டு டாக்சி பிடித்துத் துறைமுகம் போய்ச் சேர்ந்தபோது மணி நாலே முக்கால். எப்படியோ ஏற்றிக்கொண்டார்கள். மறுநாள் முழுக்க அம்மா என் மனைவியின் சுடிதாரில் இருந்தார். ஞாயிறு இரவு மாவி தீவில்தான் பெட்டி கைக்கு வந்தது. சனிக்கிழமை பற்றி அதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அடுத்த முறை மாமனார், மாமியாரோடு போனபோது நாட்களை வேறு மாதிரி அமைத்தோம். அந்த இரண்டு பயணத்திலும் தெரிந்துகொண்டதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். எந்த அறை எடுப்பது, கப்பலில் சைவச் சாப்பாடு எப்படி என்பதெல்லாம் இதில் வராது. கப்பலுக்கு முந்தின நாட்களும், இறங்குகிற நாளும் மட்டும்.

படி 1: முதலில் எந்தக் கப்பல் என்று பாருங்கள்

இங்கே அமெரிக்காவில் எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கும், பார்க்க வந்திருக்கும் பெற்றோருக்கும் இது முக்கியம். 1886-இல் வந்த ஒரு அமெரிக்கச் சட்டப்படி, வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ளேயே பயணிகளை ஏற்றிச் சுற்றிவிட்டு வர முடியாது. பெரும்பாலான குரூஸ் கப்பல்கள் பஹாமாஸ், பனாமா என்று எங்கேயாவது பதிவு செய்யப்பட்டவை. அதனால்தான் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஹவாய் போய்த் திரும்பும் பதினைந்து நாள் கப்பல்கள் வழியில் மெக்சிகோவின் என்செனாடாவில் ஒரு எட்டு நின்றுவிட்டு வருகின்றன. அந்த ஒரு எட்டுக்காக நீங்கள் நாட்டை விட்டு வெளியேறித் திரும்பி வந்த கணக்காகிவிடும். பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்ப் காலாவதியானவர்கள் வக்கீலைக் கேட்காமல் அதில் ஏறாதீர்கள்.

'பிரைட் ஆஃப் அமெரிக்கா' அமெரிக்கக் கொடிக் கப்பல். ஏழு நாளும் ஹவாய்க்குள்ளேயேதான். ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு) அப்படியே இருக்கும், ஸ்டாம்பிங் தலைவலி கிடையாது. அதற்காகப் பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். பாஸ்போர்ட், கிரீன் கார்டு, ஐ-797 (விசா மனு ஒப்புதல் கடிதம்) நகல், எது உங்களுக்குப் பொருந்துமோ அது கைப்பையில் இருக்கட்டும்.

படி 2: ஒரு தாளில் இரண்டு சனிக்கிழமைகளை எழுதுங்கள்

முதல் சனி: கப்பல் மாலை 7 மணிக்குக் கிளம்புகிறது. ஆனால் 5 மணியோடு வாசல் மூடிவிடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நண்பகல் வாக்கில் ஏற்றத் தொடங்குவார்கள்.

இரண்டாம் சனி: காலை 7 மணிக்கு அதே ஹொனலூலுவுக்கு வந்து நிற்கும். 9 மணிவாக்கில் எல்லோரும் இறங்கியிருப்பார்கள்.

நடுவில் இருப்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள், பின்னால் உதவும். ஞாயிறு காலையிலிருந்து திங்கள் மாலை வரை மாவியின் கஹுலுயி, செவ்வாய் ஹிலோ, புதன் கோனா, வியாழன் காலையிலிருந்து வெள்ளி மதியம் வரை கவாய் தீவின் நவிலிவிலி. நடுக்கடலில் சும்மா கிடக்கும் நாள் ஒன்றுகூடக் கிடையாது. ஹவாயில் சூதாட்டத்துக்கு அனுமதியில்லாததால் கப்பலில் கேசினோவும் இல்லை. என் மாமியாருக்கு இதில் ரொம்பத் திருப்தி.

படி 3: போகிற நாள் வியாழனா, வெள்ளியா?

சனிக்கிழமை காலை விமானம் என்ற பேச்சே வேண்டாம். அது எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

வெள்ளிக்கிழமை போனால் ஆபீசில் ஆறு நாள் லீவு. வியாழன் என்றால் ஏழு. இளம் ஜோடி, இரண்டு பெட்டி, கலிஃபோர்னியாவிலிருந்து நேரடி விமானம் என்றால் வெள்ளி போதும். ஆனால் அன்றைய முதல் விமானத்தில் போங்கள். அது ரத்தானாலும் அதே நாளில் இன்னொன்றில் ஏற வாய்ப்பு இருக்கும். சாயந்திர விமானம் ரத்தானால் விடிந்தால் சனிக்கிழமை.

பெரியவர்களோ கைக்குழந்தையோ கூட இருந்தால் வியாழன்தான். நியூயார்க் பக்கத்திலிருந்து வருபவர்களும் அப்படித்தான்: நேரடி விமானமே பதினோரு மணி நேரம், கடிகாரம் வேறு குளிர்காலத்தில் ஐந்து மணி நேரமும் கோடையில் ஆறு மணி நேரமும் பின்னால் போகும். இந்தியாவிலிருந்து அப்பா அம்மா வந்து இறங்கிய வாரத்திலேயே இந்தப் பயணத்தைப் போடாதீர்கள். ஒரு பத்து நாளாவது வீட்டில் தூங்கி எழட்டும். வியாழன் குரு நாள் என்பதால் எங்கள் வீட்டில் எதிர்ப்பே இல்லாமல் தீர்மானம் நிறைவேறியது.

இணைப்பு விமானம் என்றால் இரண்டும் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும். தனித்தனியாக வாங்கினால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிடும்போது கேட்க ஆள் இருக்காது.

படி 4: ஹோட்டல்

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் மலிவாகக் கிடைக்கும். ஆனால் சுற்றிப் பார்க்க எதுவும் இல்லை. வைக்கீகி கடற்கரைப் பகுதியில் எடுங்கள். கப்பல் நிற்கும் 2-ஆம் பியர் (கப்பல்துறை மேடை) அங்கிருந்து மூன்று மைல்தான். விலையைப் பார்க்கும்போது மட்டும் கவனம்: வரி 18, 19 சதவீதம், அது போக 'ரிசார்ட் ஃபீ' என்று ஒரு ராத்திரிக்கு 40, 50 டாலர் தனியாக வரும். 200 டாலர் அறை என்பது கையைவிட்டுப் போகும்போது 290 ஆகியிருக்கும். டிசம்பர் இரண்டாம் ஞாயிறு ஹொனலூலு மாரத்தான். அதற்கு முந்தின வியாழன், வெள்ளி அறை வாடகை எகிறும். ஜப்பானியர்களின் ஏப்ரல் கடைசி, மே முதல் வார விடுமுறையிலும் அப்படித்தான்.

காலை 8 மணிக்கு சான் ஃபிரான்சிஸ்கோவில் ஏறினால், கோடையில் அங்கே பத்தரைக்கே இறங்கிவிடுவீர்கள். செடி, பழம், பிராணி ஏதாவது கொண்டுவருகிறீர்களா என்று ஹவாய் அரசுக்கு ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். அறை மூன்று மணிக்கு முன்னால் கிடைக்காது. பெட்டிகளை ஹோட்டலின் பெல் டெஸ்கில் கொடுத்துவிட்டு, கடற்கரைக்குப் போய் உட்காருங்கள். குளியல் துணியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனவர்கள் அப்போது புத்திசாலிகள்.

படி 5: வெள்ளிக்கிழமையை நிரப்புவது

ஊர் சுற்றுவதைக் கப்பலுக்கு முன்னாலேயே முடித்துக்கொள்ளுங்கள், பின்னால் வைத்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கட்டுரையில் நான் அடித்துச் சொல்வது இது ஒன்றுதான். ஒரு வாரம் கப்பலில் தின்று களைத்து இறங்கும்போது யாருக்கும் எதையும் பார்க்கத் தோன்றாது. பெட்டிகள் வேறு கையில் இருக்கும்.

கலிஃபோர்னியாவைவிட ஹவாய் குளிர்காலத்தில் இரண்டு மணி நேரமும் கோடையில் மூன்று மணி நேரமும் பின்னால் இருக்கும். அதனால் முதல் நாள் எல்லோருக்கும் விடிகாலை நாலு மணிக்கே தூக்கம் கலைந்துவிடும். அதை வீணாக்காமல் டைமண்ட் ஹெட் எரிமலைக் குன்றுக்குக் காலை 6 மணி நேரத்தை முன்பதிவு செய்துவிடுங்கள். வெளியூர்க்காரர்கள் முன்பதிவு இல்லாமல் உள்ளே போக முடியாது, ஆளுக்கு 5 டாலர். ராணுவத்துக்காக 1908-இல் போட்ட பாதை அது, ஒருபக்கம் ஒரு மைல்கூட இல்லை. ஆனால் கடைசியில் செங்குத்தான படிகள். என் மாமனார் ஏறிவிட்டார். மாமியார் பாதி வழியில் ஒரு பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "நீங்க போயிட்டு வாங்க மாப்பிள்ளை, கீழ இருந்தே கடல் நல்லாத்தான் தெரியுது" என்றார்.

மதியத்துக்கு மேல் பேர்ல் ஹார்பர். 1941 டிசம்பர் 7 தாக்குதலில் மூழ்கிய 'அரிசோனா' போர்க்கப்பலின் மேல் கட்டிய நினைவிடத்துக்குப் படகில் கூட்டிப்போவார்கள். டிக்கெட் இலவசம், முன்பதிவுக்கு மட்டும் 1 டாலர். எட்டு வாரத்துக்கு முன்னால் ஹவாய் நேரம் மாலை 3 மணிக்குத் திறக்கும். தவறவிட்டால், போக வேண்டிய நாளுக்கு முந்தின நாள் அதே 3 மணிக்கு இன்னொரு பகுதியைத் திறந்துவிடுவார்கள். அப்போது கையில் போனோடு தயாராக இருங்கள். பைகளை உள்ளே விட மாட்டார்கள். பர்ஸ், போன், தண்ணீர் பாட்டிலோடு போய்விட்டால் காத்திருப்பு மிச்சம்.

இரண்டுக்கு மேல் அன்றைக்குப் போடாதீர்கள்.

படி 6: கப்பல் ஏறும் சனி

காலை 11 மணிக்கு அறையைக் காலி செய்யுங்கள், 12 மணிக்குப் பியர், 1 மணிக்குக் கப்பலில் சாப்பாடு. இவ்வளவு பொருத்தமாக வேறெந்த நாளும் அமையாது.

பியர் வாசலில் போர்ட்டர்கள் பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள். அது அறைக்கு வந்து சேர சாயந்திரம், சில சமயம் இரவு ஆகும். மருந்து, பாஸ்போர்ட், சார்ஜர், ஒரு மாற்றுத் துணி எல்லாம் தோள்பையில் இருக்க வேண்டும். பெட்டியில் ஒட்டும் அடையாளச் சீட்டை வீட்டிலேயே அச்சிட்டு, மறக்காமல் ஸ்டேப்ளரையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் பிறகு கப்பலைத் தவறவிட்டால்? கரீபியனில் என்றால் அழ வேண்டியதுதான். இங்கே ஒரு வழி உண்டு. கப்பல் திங்கள் மாலை வரை மாவியில்தான் நிற்கும். ஹொனலூலுவிலிருந்து கஹுலுயிக்கு விமானத்தில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. கப்பல் கம்பெனிக்கு உடனே போன் போட்டுச் சொல்லிவிட்டு அங்கே போய் ஏறிக்கொள்ளலாம். செலவு உங்களுடையது.

படி 7: கடைசி வெள்ளி இரவு

அன்று மதியம் 2 மணிக்கு நவிலிவிலியை விட்டதும் கப்பல் நா பாலி கரையோரமாகப் போகும். பச்சைப் பாறைச் சுவர்கள் கடலுக்குள் நேராக இறங்கும் இடம். அந்த நேரத்தில் அறையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தால் உங்களை மன்னிக்க முடியாது. பெட்டி கட்டுவதை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

படுக்கும் முன் பெட்டிகளை வாசலில் வைத்தால் அவர்களே கீழே இறக்கிவிடுவார்கள். வைக்கும் முன், காலையில் என்ன போட்டுக்கொள்ளப் போகிறீர்கள் என்று பாருங்கள். சனி காலை ஆறு மணிக்கு மாமனார் கதவைத் தட்டினார். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே ராத்திரி கட்டிப் படுத்த நாலு முழ வேட்டி. "மாப்பிள்ளை, பேண்ட் எல்லாம் பெட்டியோட போயிடுச்சு." இரண்டாயிரம் பேருக்கு மேல் இறங்கிய அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவர்தான் ஏதோ விழாவுக்கு வந்தவர் போல இறங்கினார். ஒரு அமெரிக்கப் பாட்டி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

படி 8: இறங்கும் சனி

மதியம் 12 மணிக்கு முன்னால் எந்த விமானமும் வேண்டாம். துறைமுகத்திலிருந்து விமான நிலையம் இருபது, இருபத்தைந்து நிமிடம்தான். ஆனால் உங்களோடு இறங்கியவர்களில் பாதிப்பேர் அதே நேரத்தில் அங்கேதான் வருவார்கள். அதோடு ஹவாயில் ஒரு வரிசை கூடுதல். அமெரிக்க நிலப்பகுதிக்குப் போகும் எல்லாப் பெட்டியையும் வேளாண்மைத் துறை ஸ்கேன் செய்து ஒட்டுச்சீட்டு ஒட்டிய பிறகுதான் கவுன்ட்டரில் வாங்குவார்கள். மாமியார் ஹிலோ சந்தையில் ஆசையாக வாங்கிய ஒரு கட்டு கறிவேப்பிலை அங்கேயே நின்றுவிட்டது. கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பம், அந்தக் குடும்பத்து இலைதழை எதுவும் தாண்டக் கூடாது. அன்னாசிப்பழத்தை ஒன்றும் சொல்லவில்லை.

மதியம் 1 மணிக்கும் 3 மணிக்கும் நடுவில் கிளம்பும் விமானம் எங்களுக்குச் சரிப்பட்டது. ராத்திரி பத்துப் பதினொன்றுக்கு வீடு. இரவு 10 மணி விமானம் விலை குறைவாக இருக்கும்தான். ஆனால் காலை 9 மணியிலிருந்து அதுவரை பெட்டிகளோடு என்ன செய்வீர்கள்? வாடகைக் காரில் வைத்துவிட்டுக் கடற்கரைக்குப் போவது கூடவே கூடாது. கார்க் கண்ணாடியை உடைத்துத் திருடுவது அங்கே சகஜம். இரவு விமானம்தான் என்றால் இரண்டு வழி. முதல் வாரம் தங்கிய ஹோட்டலின் பெல் டெஸ்கிலேயே கேட்டுப் பாருங்கள், பழைய விருந்தாளி என்று பெரும்பாலும் வைத்துக்கொள்வார்கள். அல்லது கப்பலிலேயே விற்கும், ஊரைச் சுற்றிக் காட்டி விமான நிலையத்தில் இறக்கிவிடும் பேருந்துச் சுற்றுலாவை எடுங்கள். பெட்டி பேருந்தின் வயிற்றில் இருக்கும். பெரியவர்களோடு ராத்திரி விமானம் எடுப்பதற்கு, இன்னொரு நாள் தங்கி ஞாயிறு பகலில் கிளம்புவது மேல்.

நாங்கள் சனி இரவே வந்துவிட்டோம். ஞாயிறு முழுக்க வாஷிங் மெஷின் ஓடியது. மாமியார் அன்னாசியில் ரசம் வைத்தார், கறிவேப்பிலை இல்லாமல்.