விடுதி லீடரை வளர்ப்பது எப்படி: வார்டன்களுக்கு

ஆண்கள் விடுதியில் லீடர் என்றாலே பேசுகிறவன் பெயரைப் போர்டில் எழுதுகிறவன் என்றாகிவிட்டது. முறுக்கு கொடுத்தவன் பெயர் அழிந்துவிடும். இதில் பையன் பழகுவது போலீஸ் வேலையும் கொஞ்சம் லஞ்சமும்தான். கண்காணிக்கும் வேலையை அவனிடமிருந்து எடுத்துவிட்டு, ஒரு காரியத்தை முழுதாக நடத்தும் வேலையைக் கொடுங்கள்.

மெஸ்ஸில் தொடங்குவது நல்லது. அங்கே தப்பு நடந்தால் அரை மணியில் தெரிந்துவிடும். 40 பேருக்குத் தலைக்கு 4 இட்லி என்றால் 160. கடைசி வரிசைக்கு வரும்போது 12 குறைகிறது என்றால் பரிமாறியவன் கூட்டாளிகளுக்கு அள்ளி வைத்திருக்கிறான். இதற்குத் திட்டு வேண்டாம், இரண்டு விதி போதும்: பந்தி ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்கும், பரிமாறுகிறவர்கள் கடைசியில் சாப்பிடுவார்கள். மிச்சம் கொட்டும் வாளியைத் தினமும் எடை போட்டு எழுதச் சொல்லுங்கள். எந்த நாள் எந்தக் கூட்டு வீணாகிறது என்று ஒரு மாதத்தில் அவனே சமையல்காரரிடம் பேசுவான்.

அடுத்தது குளியலறை. 40 பேருக்கு 5 குழாய் என்றால் குழாய்க்கு 8 பேர், ஆளுக்கு 5 நிமிடம், மொத்தம் 40 நிமிடம். இந்தக் கணக்கை நீங்கள் போட்டுக் கொடுக்காதீர்கள். முதல் வாரம் சண்டை வரும், வரட்டும். பெரியவர்கள் சின்னப்பையன்களைத் தள்ளிவிட்டு முன்னால் போகிறார்களா என்பதை மட்டும் கவனியுங்கள்.

8 பேர் கொண்ட குழுவில் ஆறாம் வகுப்பு முதல் பதினொன்று வரை கலந்து போடுங்கள். ஒரே வகுப்பாக விட்டால் கொஞ்ச நாளில் ஊர்க்கூட்டமோ சாதிக்கூட்டமோ ஆகிவிடும். லீடரைத் தேர்ந்தெடுக்கத் தேர்தலை மட்டும் நம்புவதிலும் இதே ஆபத்து. இல்லையென்றால் கபடியில் கெட்டிக்காரன் ஜெயிப்பான். பையன்கள் நான்கைந்து பெயர் சொல்லட்டும். ஒவ்வொருவருக்கும் இரண்டு வாரப் பொறுப்பு கொடுத்துப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். சமையல்காரரையும் வாட்ச்மேனையும் கேளுங்கள். வார்டன் இல்லாத நேரத்தில் அவன் எப்படி நடந்துகொள்கிறான் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

மாநிலப் பாடத்திட்டத்தில் 10, 12 வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு. ஆகவே பொறுப்பு பழகும் காலம் 9-ம் 11-ம்தான். பிளஸ் டூ பையனை எஸ்.பி.எல். (பள்ளி மாணவர் தலைவன்) ஆக்கினால் அரையாண்டுத் தேர்வுக்குப் பின் பதவி சும்மா தொங்கும். ஜனவரி முதல் வாரத்தில் பிளஸ் ஒன் பையனிடம் மாற்றிவிடுங்கள். சாவி, வருகைப் பதிவேடு, பழுதுப் பட்டியல் மூன்றும் ஒரு நோட்டில் எழுதிக் கைமாற வேண்டும். வாயால் சொல்லி ஒப்படைத்தால் ஃபியூஸ் போன விளக்கு ஜூன் வரை அப்படியே இருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், லீடருக்கு எது கூடாது என்பது. அடிப்பது, முட்டிபோட வைப்பது, அபராதம், தின்பண்டத்தைப் பிடுங்குவது, சின்னப்பையனைத் துணி துவைக்கச் சொல்வது எதுவும் கூடாது. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17, குழந்தையை அடிப்பதையும் மனதளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. ஆசிரியருக்கே இல்லாத அதிகாரத்தை 16 வயதுப் பையனுக்கு எப்படிக் கொடுப்பது? தமிழ்நாட்டின் ராகிங் தடைச் சட்டம் வந்தது 1997-ல். "சீனியர் பார்த்துக்குவான்" என்று வார்டன் அறைக்குள் போய்விடும் விடுதிகளில்தான் இவை எல்லாம் நடக்கின்றன. நினைவூட்டலாம், எழுதி வைக்கலாம், வார்டனிடம் சொல்லலாம். லீடரின் எல்லை அவ்வளவுதான்.

இரவு 8.45 வருகைப் பதிவில் தலையை மட்டும் எண்ண வேண்டாம். வேறு அறைப் பையன் ஒருவன் நின்றாலே கணக்கு சரியாகிவிடும். பெயர் சொல்லி, முகம் பார்த்து எடுக்கப் பழக்குங்கள். காய்ச்சல், கேட்டைத் தாண்டிப் போனது, தகாத தொடுதல், "செத்துடலாம்" என்ற பேச்சு, இந்த நான்கும் நடுராத்திரியானாலும் உடனே வார்டனிடம் வர வேண்டும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று லீடர் சத்தியம் செய்யக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். தொந்தரவு செய்பவன் லீடராகவே இருக்கலாம். அதனால் சின்னப்பையன் நேராக உங்களிடம் வர வழி திறந்திருக்கட்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐத் தொலைபேசி பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள்.

ஞாயிறு மாலை லீடர்களோடு 20 நிமிடம் உட்காருங்கள். இந்த வாரம் யார் சரியாகச் சாப்பிடவில்லை, எது உடைந்தது, யாருக்கு வீட்டிலிருந்து போன் வரவில்லை என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரிந்தவனை அடுத்த பெரிய பொறுப்புக்குக் குறித்துவையுங்கள்.